நுண்ணோக்கிக்கு வைத்த பொட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கெங்கவல்லிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி ராசிபுரம் வந்தவள் நான். வெண்ணந்தூர் தாண்டி ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பக்கத்து ஆட்கள் திட்டும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். எனக்கு அந்தப் பதவிசு வரவில்லை. “டீச்சர் வெடுக்குனு பேசிப்போடுவாங்க” என்று ஊரில் பேர். வெடுக்கென்று பேசியும் ஒன்றும் நடக்காமல் போன விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆய்வகம் என்று கதவில் எழுதிய ஓர் அறை உண்டு. உள்ளே உடைந்த பெஞ்சுகளும் சத்துணவு அரிசி மூட்டைகளும்தான் இருக்கும். செல்லின் படத்தைக் கரும்பலகையில் நான் வரைவேன், பிள்ளைகள் நோட்டில் வரைவார்கள், பரீட்சையில் அதையே திருப்பி வரைவார்கள். யாரும் ஒரு செல்லைக் கண்ணால் கண்டதில்லை. கல்லூரியில் பார்த்த நான் ஒருத்திதான் அதற்குச் சாட்சி.

அப்போதுதான் திருச்செங்கோட்டுக் கம்பெனி ஒன்று வந்தது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வைத்திருக்கிறவர்கள். வடநாடு வரைக்கும் அவர்கள் வண்டி ஓடும். அரசுப் பள்ளிகளில் அறிவியலை மேம்படுத்துவது என்று கல்வித் துறையோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கருவிகளும் ஒரு பயிற்றுநரும் கம்பெனி தரும். அறையும் மின்சாரமும் துறை தரும். பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தரும். மூட்டைகள் வெளியேறின, சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், வாசலில் பெரிய போர்டு ஏறியது. வரிசையாக நுண்ணோக்கிகள் வந்து இறங்கிய அன்று நான் பெட்டியைப் பிரிக்கப் பொறுமையில்லாமல் பல்லால் டேப்பைக் கடித்தேன். அவ்வளவு ஆசை.

பயிற்றுநராக வந்தவள் பக்கத்து ஊர் மருமகள். இயற்பியலில் முதுகலை முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டு விசைத்தறியில் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் இதே கம்பெனியின் ரிக் வண்டியில் வேலை. போனால் மாசக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டான். ‘பள்ளிக்கூட உத்தியோகம்’ என்பதால்தான் மாமியார் அவளை வெளியே விட்டார். “இது இல்லீனா மறுக்காத் தறிதானுங் டீச்சர்” என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னாள். வேலை ஒரு வருஷத்துக்கு. வருஷக் கடைசியில் கம்பெனி ஆபீஸ் வந்து பார்த்துவிட்டு, திருப்தி என்றால் நீட்டிப்பார்கள்.

அவள் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்துப்போனது. எல்லாரும் முதலில் காட்டுகிற வெங்காயத் தோலை அவள் எடுக்கவில்லை. “ஆளுக்கொரு துண்டு நூலு ஊட்டுல இருந்து கொண்டாங்க” என்றாள். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தறி ஓடுகிறது, நூலுக்கா பஞ்சம்? நுண்ணோக்கியின் அடியில் வைத்ததும் அந்த நூல் முறுக்கு முறுக்காகக் கயிறு மாதிரி தெரிந்தது. “மிஸ், எங்கூட்டு நூலு! பிசிரு பாருங்க, எத்தனை பிசிரு!” என்று ஒரு பெண் கத்தினாள். அடுத்த வாரம் வெங்காயம், அதற்கடுத்து குளத்துத் தண்ணீர். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தாலும் அறையை விட்டு நகர மாட்டார்கள். அடித்து விரட்டாத குறைதான். எத்தனையோ வருஷமாகப் பாடம் எடுக்கிறேன், அந்த மாதங்களைப் போல நான் சந்தோஷமாக வேலை செய்ததில்லை.

ஆயுத பூசை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளியில் பூசை போடுவது வழக்கம். கம்ப்யூட்டருக்கும் மணிக்கும் பூட்டுக்கும்கூடப் பொட்டு வைப்போம். அந்த வருஷம் கம்பெனி முதலாளியே வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மெதுவான பேச்சு. நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய் எல்லாம் அவரே வண்டியில் கொண்டுவந்தார்.

ரிக் வண்டிக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. வண்டிக்கு மாலை போடுவார்கள், ஆனால் முதல் பொட்டு பிட்டுக்குத்தான். பாறையைக் குடைகிற அந்த இரும்பு முனைக்கு அழுத்தமாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள். வேலை செய்கிற இடம் எதுவோ அதற்குத்தான் மரியாதை. முதலாளி நுண்ணோக்கி முன்னால் வந்து நின்றார். “இதுல வேலை செய்யறது எதுங்க?” என்று கேட்டார். தலைமையாசிரியர் பெருமையாக லென்ஸைக் காட்டினார்.

அடக் கடவுளே! நான் வராந்தாவில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்க்கும்போது முதல் கருவியின் மேல் கண்ணாடியிலும் கீழ்க் கண்ணாடியிலும் சந்தனம் அப்பியிருந்தது. முதலாளி கட்டை விரலால் அழுத்தி அழுத்தி வைத்திருந்தார், பிட்டுக்கு வைக்கிற மாதிரியே. பயிற்றுநர் தயங்கித் தயங்கி, “ஐயா, கண்ணாடியில வேண்டாமுங்க, உடம்புல வெச்சாப் போதுமுங்க” என்றாள். அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, தலைமையாசிரியர் அவளைப் பார்த்து முறைத்தார். நான் “சார், லென்ஸ் போயிடும்” என்று சத்தமாகவே சொன்னேன். “டீச்சர், நல்ல நாளும் அதுவுமா...” என்று தலைமையாசிரியர் என் வாயை அடைத்துவிட்டு, மணியை எடுத்து ஆட்டினார். கற்பூரம் ஏற்றியாயிற்று. கடைசிக் கருவி வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று.

முதலாளியின் வண்டி கிளம்பியதும் பயிற்றுநர் துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் பிழைத்துக்கொள்ளும். தலைமையாசிரியர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். “பூசை போட்ட பொட்டை அன்னைக்கே அழிக்கறதா? பொம்பளப் புள்ள, உனக்குத் தெரிய வேண்டாமா?” பூசையில் வைத்ததை எடுக்கவும் கூடாது, துடைக்கவும் கூடாது. அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விடுமுறை முடிந்து திறந்தபோது சந்தனம் இறுகிக் கட்டியாகியிருந்தது. நரநரவென்று கல்லில் அரைத்த சந்தனம் அது. ஸ்பிரிட் தொட்டு, பஞ்சு தொட்டு, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். பொட்டு போனது, கீறல் நின்றது. நூலை வைத்துப் பார்த்தால் பனிமூட்டத்துக்குள் ஏதோ கிடக்கிற மாதிரி தெரிந்தது. “போச்சுங் டீச்சர்” என்றாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

வருஷக் கடைசியில் கம்பெனி ஆபீஸிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஒவ்வொரு கருவியாகக் கண்ணை வைத்துப் பார்த்து, கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டே போனார். “லென்ஸ் எல்லாமே கீறல். பராமரிப்பு சரியில்லை” என்றார். நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். தலைமையாசிரியர் குறுக்கே விழுந்து, காபி சாப்பிடலாம் வாங்க என்று அவரைக் கூட்டிப்போய்விட்டார். பயிற்றுநரின் வேலை நீட்டிக்கப்படவில்லை.

“பெரியவர் வெச்ச பொட்டுனாலன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?” என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். “மனசு நோகும். பொண்ணுங்களுக்குக் கழிப்பறை கட்டித் தாரேன்னிருக்காரு. அதையும் கெடுத்துப்போடாதீங்க.” கழிப்பறை வேண்டாம் என்று நான் சொல்ல முடியுமா? எங்கள் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அவளிடம், “வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லலாம்” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். “எங்கூட்டுக்காரரு அவிங்க வண்டியிலதான் இருக்கறாரு. நான் வாரலீங் டீச்சர். நீங்களும் எம்பேரைச் சொல்லிப்போடாதீங்க.” பேரைச் சொல்லாமல் வேலையை எப்படிக் கேட்பது? சரி போ என்று நான் மட்டும் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

முதலாளி என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் நேராகவே சொன்னேன். “ஐயா, நீங்க வெச்ச சந்தனம் காஞ்சு லென்ஸ் கெட்டுப்போச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லை. அவ வேலை போயிடுச்சு.” அவர் முகம் வாடிப்போனது. தன் கட்டை விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எம்பட கையாலயே கெடுத்துப்போட்டனுங்களா?” என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. “உடனே சொல்றனுங்க. நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க” என்று, என் முன்னாலேயே போனை எடுத்து, ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற மகனிடம் பேசினார். எல்லாவற்றையும் சரி செய்யச் சொன்னார். நான் பஸ்ஸில் வரும்போதே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவசரக்குடுக்கை நான்.

புது நுண்ணோக்கிகள் வந்தன, முன்னதை விட உசத்தி. கூடவே கம்பெனி ஆபீஸ் உத்தரவும் வந்தது. பயிற்றுநர் இல்லாமல் கருவிகளை எடுக்கக் கூடாது. பயிற்றுநர் எங்கே என்று கம்பெனியைக் கேட்டேன். ஆள் போடுவது துறை வேலை என்றார்கள். துறையைக் கேட்டேன். ஆள் தருவதாக ஒப்பந்தத்தில் இருப்பது கம்பெனி என்றார்கள். நானே சொல்லித்தருகிறேன், சாவியைக் கொடுங்கள் என்று தலைமையாசிரியரோடு மல்லுக்கு நின்றேன். “மறுபடியும் ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?” என்று சாவியை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

ஒரு நாள் அவளைப் பார்க்கப் போனேன். தறிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினாள். தலையெல்லாம் பஞ்சு. தறியை நிறுத்திவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “புள்ளைங்க நூலப் பாக்குதுங்களா டீச்சர்?” என்பதுதான். பார்க்கிறார்கள் என்று பொய் சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல?

மறுபடியும் ஆயுத பூசை வந்தது. முதலாளி வந்தார். கழிப்பறை பாதி எழும்பியிருந்தது, அதையும் பார்த்தார். பிறகு ஆய்வகத்தைத் திறந்தார்கள். இந்த முறை அவர் ஒவ்வொரு நுண்ணோக்கியையும் குனிந்து பார்த்து, லென்ஸ் பக்கமே போகாமல், அடிப்பாகத்தில் மோதிர விரலால் துளியூண்டு சந்தனம் வைத்தார். தலைமையாசிரியரின் கை லென்ஸ் பக்கம் போனபோது, “ஏனுங், கண்ணாடியில கை வெக்காதீங்க” என்று அவரையே அதட்டினார். முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏனுங் டீச்சர், அந்த அம்முணி எங்கீங்க? அது சொன்ன மாறயே உடம்புலதான் வெச்சிருக்கறேன். வந்து பாக்கச் சொல்லுங்க.”

ஆக, அன்றைக்கு அவர் காதில் விழுந்துதான் இருக்கிறது.

“அவளைத்தான் நிறுத்திட்டீங்களே ஐயா” என்றேன். “தறி ஓட்டுறா.”

“நான் அன்னைக்கே சொல்லிப்போட்டனே!”

“மைக்ராஸ்கோப் வந்துச்சு. அவ வரலை.”

அவருக்கு முகம் செத்துவிட்டது. “பையன்கிட்டக் கேக்கறனுங்க” என்று முணுமுணுத்தார். தலைமையாசிரியர் அவசரமாகத் தீபாராதனைத் தட்டை அவர் முன்னால் நீட்டினார். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனார்.

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், முன்பு ‘எங்கூட்டு நூலு’ என்று கத்தியவள். இப்போது பத்தாம் வகுப்பு. “சார், இன்னைக்காச்சும் பாக்கலாங்களா?” என்று தலைமையாசிரியரைக் கேட்டாள்.

“பூசையில வெச்சதை எடுக்கக் கூடாது கண்ணு” என்று சொல்லிக்கொண்டே அவர் கதவைப் பூட்டினார். பூட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

அவள் கையில் ஒரு துண்டு நூல் இருந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டு பொரி வாங்க வரிசைக்குப் போனாள்.