மாமா கொண்டுவந்த கிறிஸ்துமஸ் புடவை

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் அம்மாவுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். மடிப்பைப் பிரித்ததும் எழுந்த கஞ்சி வாசனையில், மணலூர்பேட்டை மாமா எங்கள் வாசலில் நின்ற காலை நினைவுக்கு வந்தது.

அம்மாவின் அண்ணன் அவர். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தங்கைக்குப் புடவை கொண்டுவருவார். அந்த வருடம் அப்பா வேறொரு சபையில் சேர்ந்திருந்தார். இந்தப் பண்டிகை வேதத்தில் இல்லை என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"இயேசு பொறந்த தேதி எங்க போட்டுக்குது? நீயே படிச்சி சொல்லும்மா," என்றார் அப்பா என்னிடம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் தடுமாறாமல் வாசித்தேன். தேதி இல்லை.

மாமா சிரித்தார். "கொயந்த பொறந்துக்குதுன்னு கேட்டதும் மேய்ப்பருங்க ஓடிப்போய் பாத்தாங்களே மாப்ள, அவங்களுக்கு எந்த சபையில சொல்லிக்குடுத்தாங்க?"

அப்பா சிரிக்கவில்லை. "பண்டிகைப் பொடவ இந்த வூட்டுக்குள்ள வேணாம் மச்சான்."

"வேற நாள்ல கொண்டாண்ணா," என்று கெஞ்சினாள் அம்மா. மாமா புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பிறகு அவர் வரவே இல்லை. அவர் இறந்த அன்றுதான் அம்மா மணலூர்பேட்டைக்குப் போனாள்.

"பண்டிகைக்குங்களா?" என்று கேட்டாள் கடைப்பெண்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்கம்மாவுக்கு," என்றேன்.