தோமையார் முட்டி

ஆனி வெயிலில் கொதித்துக் கிடக்கும் பாறைமேல் தேங்காயெண்ணெயைக் கொட்டினால் ஒரு சிக்கு வாடை கிளம்பும். தோமையார் திருநாளன்று எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருடைய முழங்காலிலும் அந்த வாடைதான் வீசும். வடக்குப்பட்டு ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஓரமாக இருந்த எங்கள் தெருவில் ஓட்டுக்கூரை போட்ட கோயில் ஒன்று, அதன் பின்னால் ஒரு பாறை, பாறையில் இடைவெளி விட்டு இரண்டு வட்டக் குழிகள். இயேசுவின் சீடரான தோமையார் பரங்கிமலைக்குப் போகிற வழியில் இங்கே மண்டியிட்டு ஜெபித்தார், பாறை குழைந்து இடம் கொடுத்தது என்பது கதை. 'தோமையார் முட்டி' என்போம்; திருநாளன்று அந்தக் குழிகளில் எண்ணெய் ஊற்றிப் பிள்ளைகளை மண்டியிட வைப்பார்கள். குழிகளுக்கு நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தால் சீடர் பனைமர உயரம் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் காலை அகட்டிக்கொண்டு ஜெபிக்கிற விநோதமான பழக்கம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

எனக்கு முட்டி எட்டவில்லை என்று அழுதுகொண்டு போனபோது அம்மா சிரித்தாள். "முட்டியும் இல்ல ஒண்ணும் இல்லடா, ஒலக்க எறங்கின குழி அது. தாது வருசப் பஞ்சத்துல கஞ்சித் தொட்டிக்கு நம்ம பொம்பளைங்க எதிரெதிர நின்னு கேவுரு குத்தின எடம்."

1876-இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய வெள்ளைக்காரச் சாமியாரின் வேதத்தில் சேர்ந்தவர்கள்தாம் எங்கள் தெருவின் முதல் கிறிஸ்தவர்கள். கஞ்சி கிடைத்தும் தேறாமல் செத்தவர்களைப் பாறைக்குக் கிழக்கே புதைத்தார்கள். பிழைத்தவர்களும் காலப்போக்கில் அங்கேயே போய்ப் படுத்தார்கள். நான் கல்லூரியில் படித்தபோது அம்மாவும் போனாள்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் 'கஞ்சி வேதம்' என்று பெயர். அதற்குப் பதிலடியாகத்தான் எங்கள் பெரியவர்கள் தோமையாரைப் பாறைக்கு அழைத்து வந்தார்கள். "எங்களுது ரெண்டாயிரம் வருசத்து வேதம்" என்று சொன்னால் எதிராளி வாயை மூடுவான் அல்லவா? அவமானத்துக்குப் போட்ட போர்வை அது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தோமையார் பரங்கிமலைக்கு வந்ததற்கே அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை, பின்னால் எழுதப்பட்ட கதைகள்தாம் உண்டு. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பிக்கை வேறு, அத்தாட்சி வேறு என்பதைச் சொல்லிச் சொல்லியே வருவாய்த் துறையில் வயதைத் தொலைத்தவன் நான். ஆனால் ஒன்று. ரோமாபுரியின் படித்தவர்கள் ஆதிக் கிறிஸ்தவர்களையும் இப்படித்தான் ஏளனம் செய்தார்கள்: கம்பளி நெய்கிறவன், செருப்புத் தைக்கிறவன், துணி வெளுக்கிறவன், அடிமை, விதவை என்று. அவர்களும் பசித்தவர்கள்தாம், ஒரே பந்தியில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டுத் தின்றார்கள். அந்த ஆதிச் சபைக்கு எங்கள் தெருவில் ஏதாவது உறவு இருந்தது என்றால் அது முட்டியில் இல்லை, உரலில் இருந்தது. இதைப் பிரசங்கத்தில் சொல்ல ஒரு சாமியாருக்கும் வாய் வரவில்லை.

ஒரகடத்தைச் சுற்றிக் கார் தொழிற்சாலைகள் எழும்பிய வருடங்களில் எங்கள் கோயிலுக்கும் நில எடுப்பு அறிவிப்பு வந்தது. நான் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். வருவாய்க் கணக்கில் தரிசு என்று இருக்கிற எங்கள் இடம் இடுகாடு என்று விசாரணையில் நிரூபணமானால் மாற்று இடம் கொடுத்தாக வேண்டும்; உறவினர் முன்னிலையில் எலும்புகளை எடுத்து மறுபடி அடக்கம் செய்தாக வேண்டும். ஊர் மனுவில் இதை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். கோயில் கமிட்டித் தலைவன் அருளப்பன், என் பெரியப்பா மகன், தொழிற்சாலைகளுக்கு வேன் விடுகிறவன், முட்டியை மட்டும்தான் எழுதினான்.

"ண்ணா, கஞ்சிக்கு வேதத்துல சேந்தோம்னு ஆபீசராண்ட போயி நாமளே சொல்லிக்கணுமா? எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறேன். தோமையார்னா நாலு பேரு கும்புடுவான். பஞ்சத்துல செத்தவன எவன் கும்புடுவான்?"

நான் தனியாக ஆட்சேபணை கொடுத்தேன். அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். மரச் சிலுவைகளைச் செல் அரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் முந்தின வாரம் வரை நின்ற அம்மாவின் கல்லையும் அன்றைக்குக் காணோம். இங்கே யாரையாவது புதைத்திருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். அருளப்பன் இல்லை என்றான். அவன் தம்பி இல்லை என்றான். ஞானஸ்நானமும் புதுநன்மையும் வாங்கிய இன்னொருவனும் தரையைப் பார்த்தபடி, "அப்டி ஒண்ணும் இல்லீங்க சார்" என்றான். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை மறுதலித்தபோது சேவலாவது கூவியது. இங்கே மண்வாரி இயந்திரம்தான் உறுமிக்கொண்டு நின்றது.

என் ஆட்சேபணை தள்ளுபடியானது, எலும்புகள் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. முட்டிக்கோ ராஜ மரியாதை. பாறையை அறுத்து, கிரேனில் தூக்கி, பேண்டு வாத்தியத்தோடு சாலையோரப் புதுக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் வைத்தார்கள். 'கி.பி. 52' என்று பளிங்கில் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆண்டை எந்த விசாரணையில் கண்டுபிடித்தார்களோ! உரலில் கேழ்வரகு குத்தியவர்கள் கிடக்கிற இடத்தில் இப்போது கார் தொழிற்சாலையின் புது வண்டிகள் வரிசையாக வெயில் காய்கின்றன. ஓட்டுக்கூரைக் கோயில் இல்லை, தெரு இல்லை, அம்மா கிடந்த மேடு இல்லை.

போன கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு அங்கே போனேன். வாசலில் காவலுக்கு நின்ற பையன் திருநெல்வேலிப் பக்கம், மரியாதை தெரிந்தவன். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். எங்கள் அம்மாவை என்றேன்.

"அம்மா எந்த லைன்ல வேல பாக்காங்க, சார்?"

"வேலை பாக்கலப்பா. அங்க பொதைச்சிருக்கோம்."

அவன் என்னையும் வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, உள்ளே விட்டாலும் நெருப்புப் பற்றவைக்க அனுமதி கிடையாது, வண்டிகளில் எண்ணெய் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். சரியான விதிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். திரியில் தீ படாத மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் பேருந்துக்காக நெடுநேரம் நின்றேன்.