ஒரே ஒரு படிகம்

கையில் இருப்பது ஒன்றே ஒன்று. அது அசல்தானா என்று தெரிய வேண்டுமானால் அதையே உடைக்க வேண்டும். என்ன செய்வது? இந்தக் கேள்வியில் போய் மாட்டிக்கொண்டாள், ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் ‘உப்புக்காரி’ என்று கூப்பிடும் அவள்.

பெயருக்குக் காரணம் உண்டு. ஒரு நோய்க்கிருமி, தன்னைக் கொல்ல வரும் மருந்தை நொதி என்கிற ஒரு புரதத்தால் வெட்டிப் போட்டுவிடுகிறது. நொதியின் உருவம் தெரிந்தால் அந்த வெட்டும் வாயை அடைக்க வழி தேடலாம். எக்ஸ்ரேயில் அந்த உருவத்தைப் பார்க்க முதலில் அதைப் படிகமாக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. போன வருடம் பளபளவென்று படிகங்கள் விளைந்ததும் கூடத்துக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். மாமியாரிடம் போனில் பீற்றிக்கொண்டாள். எக்ஸ்ரேயில் பார்த்தால், கரைசலில் இருந்த வெறும் உப்பு.

“உப்பு காய்ச்சவா இவ்வளவு படிச்சே?” என்றார் மாமியார்.

இந்த முறை ஒரே ஒரு கரைசல் சொட்டில், மணலைவிடச் சின்னதாய் ஒரு படிகம். பெரிய எக்ஸ்ரே எந்திரத்தில் அவர்கள் முறை வர மூன்று வாரம் இருந்தது. அதைத் தவறவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

“தொடாதேம்மா, அப்படியே அனுப்பிடலாம்” என்றார் பேராசிரியர்.

“இதுவும் உப்பா இருந்தா, சார்?”

“ரெண்டு பேருமா சேர்ந்து உப்புக் கடை போட்டுடுவோம்.”

அவர் டீ குடிக்கப் போனார். அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஊசியால் அழுத்தினாள். உப்பென்றால் நறுக்கென்று தெறித்திருக்கும். இது ஊறிய சோப்புபோல நொறுங்கியது. நொதியேதான்.

திரும்பி வந்தவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அதற்குள் அவள், சக ஊழியர் வீட்டுப் பூனை உதிர்த்த மீசை முடியால் அந்தத் தூளைத் தொட்டுப் புதுச் சொட்டுகளில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொழிலில் விதை போடுவது அப்படித்தான்: பழைய தூள் பட்ட இடத்தில் புதுப் படிகம் வளரும். முறை வருவதற்குள் சொட்டுக்குச் சொட்டு படிகம். நொதி மருந்தைக் கவ்வும் குழி, படத்தில் துல்லியமாக விழுந்தது. மாமியார் தனக்கு அப்போதே தெரியும் என்று ஊரெல்லாம் சொன்னார்.

ஆனால் அதைத் துணிச்சல் என்று உடனே சொல்லிவிட முடியாது. விதைக்கு ஓரத்தை லேசாகச் சுரண்டினால் போதும். உப்பா என்று பார்க்க, நொதியில் மட்டும் ஏறும் சாயம் இருக்கிறது. இரண்டும் அவளுக்குத் தெரியும். பின் ஏன் முழுசாக நொறுக்கினாய் என்று பேராசிரியர் பலமுறை கேட்டுப் பார்த்தார். சிரிப்பாள். நுண்ணோக்கிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.