பூசாமல் விட்ட மூலை

என் படங்களில் மரமும் இருக்காது, மனுசனும் இருக்காது. வெறும் பச்சைதான், கட்டம் கட்டமாக. தெருவில் அதற்கு மாடர்ன் ஆர்ட்டு என்று பேர். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போடியில் பெயிண்ட் கடையில் நிற்கிறவன் நான். தப்பாகக் கலந்து திரும்பி வந்த டப்பாக்கள்தான் என் வண்ணங்கள்.

பச்சைகளுக்குப் பேர் வைத்தவர் என் அண்ணன். ஏலக்காய் மண்டியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. மலையிலிருந்து மூட்டை இறங்கியதும் ஒரு கை அள்ளி, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடிப்பார். "இது முழிச்சிருக்கிற பச்ச. இது கோவிச்சுக்கிட்ட பச்சடா, காய வைக்கையில சூட்டக் கூட்டிப்புட்டாய்ங்க" என்பார். மழையோடு பறித்த காய் என்றால் அழுத பச்சை. அதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்க் கலந்து பார்ப்பேன். அப்படித்தான் வரைய ஆரம்பித்தேன்.

போன ஆடியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையோடு பேச்சும் போய்விட்டது. மதுரை வரை கொண்டுபோய்க் காட்டினோம். பேச்சு வந்தாலும் வரலாம் என்றார்கள், அவ்வளவுதான்.

ஒரு வார்த்தையாவது அவரிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. அவர் பேர் வைத்த பச்சைகளையெல்லாம் ஒரு பிளைவுட் பலகையில் பூசிக் கட்டிலை ஒட்டிச் சாய்த்து வைத்தேன். எதையாவது தொட்டுக் காட்ட மாட்டாரா என்றுதான். இடது கை மெல்ல நீண்டது. எல்லாப் பச்சையையும் தாண்டிப் போய், கீழ் மூலையில் நான் இன்னும் பூசாமல் விட்டிருந்த வெறும் பலகையில் விரலை வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இங்கன எந்தப் பச்சண்ணே வரணும்?"

அதே பார்வைதான்.

அதற்கப்புறம் தினமும் ஒரு பச்சை கலந்து, அட்டையில் பூசி, அந்த மூலையில் வைத்துக் காட்டினேன். போடிமெட்டு ஜீப்பில் ஏறி, ஏலத்தோட்டத்து நிழலையும் பாறைப் பாசியையும் பார்த்து வந்து கலந்தேன். எல்லா அட்டையையும் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டு மறுபடி மூலையைத் தொட்டார்.

ஒருநாள் மதினி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னார்: "பச்சையத்தான் கேக்குறாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா தம்பி? வேற என்னத்தையோ சொல்ல வாறாரு மனுசன்."

கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தேன். வீட்டைப் பற்றியா, பிள்ளைகளைப் பற்றியா, என்மேல் வருத்தமா என்று அண்ணனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது நான் வரைகிற எல்லாப் படத்திலும் அந்த மூலை வெறுமையாகவே நிற்கிறது. மதுரையில் ஒரு கண்காட்சியில் என் படம் நாலு வைத்தார்கள். ஒரு அம்மா அந்த மூலைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தெரியலீங்க, எங்க அண்ணன்தான் சொல்லணும் என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்.

ஊர் திரும்பிய அன்றும் அண்ணன் இடது கையை நீட்டினார். எட்டவில்லை. பலகையைக் கட்டில் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.