பென்டிரைவில் ஒன்றுமில்லை என்று சொன்னவன்

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எனக்குக் கம்ப்யூட்டர்காரர் என்று பேர். ராசிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பட்டா விண்ணப்பமும் கல்யாணப் பத்திரிகையும் டைப் அடிக்கிறவன் நான். அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் யார் வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி போய், நாலு வயரைப் பிடுங்கிச் செருகிவிட்டு, காபி குடித்துவிட்டு வருவேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் அண்ணன் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போனால் ஊர் திரும்ப எட்டு மாதமாகும், ஒன்பது மாதமாகும். அவர் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். இங்கே அண்ணி என்றே எழுதுகிறேன். அண்ணி பன்னிரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தார். போன தடவை அண்ணன் கிளம்பும்போது வாய்விட்டே கேட்டுவிட்டார். "போதுமுங்க. இந்தத் தடவ வந்தா மறுக்காப் போகாதீங்க. இருக்கற ரெண்டு ஏக்கராவப் பாத்துக்கிட்டு ஊட்டுலயே இருங்க." அண்ணன் பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் வேலை செய்த காட்டில் சிக்னல் கிடையாது. வாரத்தில் ஒருநாள் மேட்டில் ஏறி நின்று பேசுவார், அதுவும் பாதியில் அறுந்து போகும். கடைசியாகப் பேசியபோது அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்: "நீ கேட்டதுக்குப் பதிலு வீடியோவாப் பேசி வெச்சிருக்கறேன். பென்டிரைவுல போட்டு சாமான் வண்டியில குடுத்தனுப்பறேன். ஒக்காந்து முழுசாப் பாரு." நாலாம் நாள் நெஞ்சுவலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தது, அங்கே சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. அந்தக் களேபரத்தில் அவருடைய போனும் எங்கோ தொலைந்துபோனது.

சாமான் வண்டி என்றால் இங்கிருந்து ரிக்குக்கு உதிரிபாகமும் அரிசி பருப்பும் கொண்டு போகும் லாரி. அதில் ஒரு பென்டிரைவும் போய் வந்துகொண்டிருக்கும். இங்கிருந்து பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோவும் புதுப்படமும் ஏற்றி அனுப்புவோம். அங்கிருந்து அவர்கள் எடுத்ததெல்லாம் அதே பென்டிரைவில் வரும். எந்த ரிக்கில், எந்த ஓட்டை லேப்டாப்பில் செருகினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வந்த பென்டிரைவைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. காட்டில் கிடக்கிறவர்கள் ஆசையாக எதிர்பார்த்திருப்பார்கள்.

கருமாதி முடிந்து மூன்றாம் வாரம், அண்ணனின் துணிப்பெட்டியோடு அந்த பென்டிரைவும் வந்தது. டிரைவர் அதை அண்ணி கையில் கொடுக்கும்போதே, மறுநாள் காலையில் வண்டி கிளம்புவதாகவும் அதற்குள் திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அதை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார். "மொதல்ல நீங்க போட்டுப் பாருங்க தம்பி. எனக்குப் படபடன்னு வருது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினேன். நாலைந்து கோப்புறைகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் வளைந்த அம்புக்குறி ஒன்று ஒட்டியிருந்தது. அம்புக்குறி இருந்தால் அது கோப்புறையே இல்லை, ஏமாற்று என்று எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. ஒன்றை அழுத்தினேன். கறுப்பாக ஒரு சின்னச் சதுரம் மின்னி மறைந்தது, வேறொன்றும் திறக்கவில்லை. 'அட, வைரஸ்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்கூட வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்புத்தான் வந்தது.

இலவசமாகக் கிடைக்கிற ஆன்டிவைரஸ் ஒன்றை இறக்கி, பென்டிரைவை மட்டும் சோதிக்கவிட்டேன். சிவப்பு சிவப்பாகப் பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் அழி என்று கொடுத்தேன், எல்லாம் போய்விட்டது. திறந்து பார்த்தால் பென்டிரைவ் வெள்ளையாக இருந்தது. வைரஸ் மொத்தத்தையும் தின்றுவிட்டது, அல்லது அண்ணன் எதையும் ஏற்றவே இல்லை என்று நானே முடிவு கட்டினேன்.

அண்ணி ஈரக்கையோடு வந்து நின்றார். "இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. அடிச்சுச் சொல்றேன், சுத்தமாக் காலி" என்றேன்.

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு விவரம் தெரிந்தவர் யாரிடமாவது காட்டலாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் வராது, வந்ததே இல்லை.

அண்ணி திரும்பிப் போனதும் பென்டிரைவை அடியோடு துடைக்கிற ஃபார்மட்டும் செய்தேன். அண்ணனின் உடம்பை இரண்டு நாள் ஆம்புலன்ஸில் கூடவே உட்கார்ந்து ஊர்வரை கொண்டுவந்து சேர்த்த ஆட்கள் அந்த ரிக்கில் இருந்தார்கள். அவர்களுக்காகப் புதுப்படங்களும் பழைய நகைச்சுவைக் காட்சிகளுமாக இடம் தீருகிற வரைக்கும் அடைத்தேன். மறுநாள் காலையில் வண்டியில் கொடுத்தும் விட்டேன். நல்ல காரியம் செய்த மாதிரி நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன், பாவி.

அடுத்த பத்து நாளும் அண்ணி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அண்ணன் படத்துக்குப் பூப் போடுவதை நிறுத்திவிட்டார். ஏனென்று கேட்டபோது, "பொய்யி சொல்லி என்னய அடக்கிப்போட்டுப் போயிட்டாரு தம்பி. பேசி வெச்சிருக்கறேன்னாரு. எங்க பேசுனாரு?" என்றார். எனக்கு அண்ணன் மேல்தான் கோபம் வந்தது.

பதினோராம் நாள் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த கோப்புறைகளைக் காணவில்லை. அண்ணனின் கல்யாண வீடியோ, பிள்ளைகளின் காதுகுத்து, எல்லாம் அதில்தான் இருந்தன. அவை இருந்த இடத்தில் அதே அம்புக்குறிகள். அண்ணி அழவில்லை. "சேலத்துக்கு எடுத்துட்டுப் போலாமுங்க, நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னார். கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மழையில் பஸ் ஏறினோம்.

சேலத்தில் பழுது பார்க்கும் கடையை நடத்தியவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண். அதிகம் பேசாதவர். பின்னணியில் ஓடுகிற வேலைகளின் பட்டியலைத் திறந்து, அர்த்தமில்லாத எழுத்துகளில் பேர் வைத்திருந்த ஒன்றை நிறுத்தினார். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக எழுந்துகொள்ளும்படி அது ஒளித்துவைத்திருந்த சின்னக் கோப்பைத் தேடி அழித்தார். பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினார். போன கோப்புறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கல்யாண வீடியோவைத் திறந்தார். பட்டு வேட்டியில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வகை எதையும் அழிக்காதுங்க. ஒளிச்சு வெச்சுட்டு, அதே பேர்ல போலி ஒண்ணு வைக்கும். போலிய அழிச்சா காலியாத்தான் தெரியும். ஆனா எவ்ளோ எடம் புடிச்சிருக்குன்னு பாத்தா உள்ள இருக்கறது தெரிஞ்சிரும்" என்றார் அந்தப் பெண்.

எவ்வளவு இடம் என்று நான் பார்க்கவே இல்லை. ஒரு தடவை அழுத்தினால் தெரிந்திருக்கும்.

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தார். "அப்படின்னா அந்தப் பென்டிரைவுலயும் இருந்திருக்குமுங்களா?"

நான் வாசலுக்கு வந்து சாமான் வண்டி டிரைவருக்குப் போன் போட்டேன். நல்லவேளையாக எடுத்தார். "படமெல்லாம் சூப்பருங்ணா. பசங்க பாத்துட்டு அதை அழிச்சு வேற ஏத்தியாச்சு. இப்ப அடுத்த ரிக்குக்குப் போயிருச்சுங்க" என்றார். உள்ளே வந்து கடைக்காரப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "மேல வேற எழுதிட்டா பழசு வராதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பினார். அண்ணி அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "பேசித்தான் வெச்சிருந்திருக்காரு. நாந்தான் பத்து நாளா அந்த மனுசனத் திட்டிக்கிட்டு இருந்திருக்கறேன்."

நான் போர்வையை இழுத்துப் பெட்டியைச் சரியாக மூடினேன்.

"இனிமேப் போகலீன்னு சொல்லியிருப்பாருங்களா, இன்னும் ரெண்டு வருசம் பொறுத்துக்கன்னு சொல்லியிருப்பாருங்களா?"

"போகலீன்னுதான் சொல்லியிருப்பாருங்க. கண்டிப்பாங்க" என்றேன்.

அண்ணி திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் அடிச்சுச் சொன்னீங்க தம்பி, அதுல ஒண்ணுமில்லீன்னு."