ஊதிப் பார்த்தவர்

வடபழனியில் உள்ள என் சேஃப்டி சாமான் கடைக்கு அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார். மரப்பட்டறையில் இழைக்கிற வேலை. தாடியிலும் காது மடலிலும் மரத்தூள். நாற்காலியில்கூட ஊதிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சாதாரண மாஸ்க் அந்தத் தாடியில் சரியாகப் படியாது. பேட்டரியில் ஃபேன் ஓடி, வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளும் முழுமுக மூடியை அவர் தலையில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“காத்து தானா வருது சார். ஆனா இத்த போட்டுக்கினு எப்டி ஊதறது?”

“எதுக்கு ஊதணும்?”

“தூள ஊதினாத்தானே பென்சில் கோடு தெரியும்? முப்பது வருசமா ஊதிக்கினுதான் கீறேன்.”

“அந்தத் தூள்தாங்க உங்க மூச்சுக்குள்ள போகுது! பிரஷ்ஷால தள்ளுங்க” என்றேன், சற்றுக் கோபமாகவே.

“பிரஷ்ஷு இன்னாத்துக்கு? இப்ப பாருங்க.”

மூடியைக் கழற்றினார். தன் சட்டையிலிருந்து என் கண்ணாடி மேஜைமேல் உதிர்ந்திருந்த தூளை நோக்கிக் குனிந்து, கன்னம் உப்ப ஊதினார். தூள் நகரவில்லை. மறுபடி ஊதினார். இருமல்தான் வந்தது.

இருவரும் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் அதை உள்ளங்கையால் துடைத்தார்.

“பிரஷ்ஷும் உங்ககிட்ட கீதா சார்?”