மூன்றாம் நம்பர் வீட்டுக்குத் திரும்பி வந்தவர்

அந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதனால் தெருவின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். மற்றபடி இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அதற்குப் பேய் என்று பேர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நடந்தது. பட்டப்பகலில், எனக்கு நடந்தது.

என் பெயர் விக்னேஸ்வரன். காரைக்குடியில் கட்டட கான்ட்ராக்டர்.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கடைத்தெரு. கீழே கடைகள். மேலே வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த மாடிகள். வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போய்விட்டார்கள். குடியிருக்க ஆள் இல்லாததால் பொழுது சாய்ந்ததும் தெரு செத்துவிடும். கடைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. ஊருக்குள் வாடகைக்கு வீடு தேடி அலைகிறவர்களோ ஏராளம்.

அந்தத் தெருவில் அழகுசுந்தரம் அண்ணனுக்கு ஜவுளி மூட்டைகள் போட்டு வைக்கிற ஒரு பழைய கிட்டங்கி இருந்தது. அவர் குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறார். ஒருநாள் போன் செய்தார்.

"விக்னேஷ், மாடியைச் சின்னச் சின்ன வீடா மாத்தி வாடகைக்கு விட்டா என்ன? தெருவுக்கும் உசிரு வரும்ல?"

மாற்றினேன். எட்டு வீடுகள். வேலையை மட்டுமல்ல, ஆள் பிடித்துக் குடிவைக்கிற பொறுப்பையும் என்னிடமே விட்டார்.

யாரும் வரவில்லை. கடைக்கு மேலே யார் குடியிருப்பது என்றார்கள். சத்தம் என்றார்கள். முதலில் துணிந்து வந்தவர் சேவுகப்பெருமாள் ஐயா. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நாகவல்லி அம்மா. ஒரே மகள் மீனாம்பிகையைப் பள்ளத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"எனக்குச் சத்தம் இருந்தாத்தான் தூக்கமே வரும் தம்பி. மூணாம் நம்பரைக் குடுங்க. தெருவைப் பாத்தாப்புல இருக்கு" என்றார்.

அவர் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. மாலையானால் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கீழே போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வீடு பார்க்க யாராவது வந்தால், நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே சொல்லிவிடுவார். தண்ணி நல்ல தண்ணி, மார்க்கெட் பக்கம், தம்பி தங்கமான ஆளு. அவர் பேச்சைக் கேட்டு நாலு குடும்பம் அட்வான்ஸ் கொடுத்தது. நாலு பேரும் ஒரே முகூர்த்த நாளில் பால் காய்ச்சுவது என்று முடிவாயிற்று.

அதற்கு ஒரு வாரம் முன்னால் ஐயாவுக்கு நெஞ்சு வலி. மதுரைக்குக் கொண்டு போனார்கள்.

பால் காய்ச்சுகிற அன்று காலையில் போன் வந்தது. மீனாம்பிகை.

"அண்ணே... டாக்டர் கையை விரிச்சுட்டாக. அப்பாவை வீட்டுக்குக் கொண்டாறோம்..."

அதற்கு மேல் அழுகை. போன் கட்டாகிவிட்டது.

நான் திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாடியில் நாலு வீட்டிலும் கோலம். மாவிலைத் தோரணம். புதுப் பாத்திரம். என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: இந்த நேரத்தில் வாசலில் ஒரு பிணம் வந்து இறங்கினால் அத்தனை பேரும் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் இந்தக் கட்டடத்துக்கு எவனும் வரமாட்டான்.

உச்சி வெயிலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நான் கிரில் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு வெளியே நின்றேன். வண்டிக்குள் பார்க்கத் தைரியம் இல்லை. பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டேன்.

பின்கதவைத் திறந்துகொண்டு நாகவல்லி அம்மா இறங்கினார்.

"தம்பி, கேட்டைத் திறங்க. மேல கொண்டு போயிருவோம்."

"அம்மா, தப்பா நினைக்காதீக. மேல பால் காய்ச்சுறாக. இங்க இறக்க வேணாம்."

"தம்பி, அவுக..."

நான் பேசவிடவில்லை. "புரிஞ்சுக்கங்கம்மா. நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருங்க. ஆக வேண்டியதை நான் ஆள் வச்சுப் பாத்துக்கிறேன்" என்றேன். தெருச் சத்தத்தில் காது கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டென்று வண்டிக்குள் திரும்பிப் பார்த்தார். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

துக்கத்துக்கு நான் போகவில்லை. போகிற முகம் இல்லை. சில நாள் கழித்து மீனாம்பிகை வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு சாவியை என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

கட்டடம் நிறைந்தது. மூன்றாம் நம்பரைத் தவிர எல்லாம் நிறைந்தது. கீழே இட்லிக் கடை வந்தது, தையல் கடை வந்தது. ராத்திரியிலும் தெருவில் குழந்தைகள் விளையாடின. அழகுசுந்தரம் அண்ணன் போனில் என்னைப் பாராட்டும்போதெல்லாம் நான் பேச்சை வாடகைக் கணக்குக்கு மாற்றிவிடுவேன்.

முதலில் சொன்னது கீழே கடை போட்டுப் பைகள் விற்கும் ஆசைத்தம்பி.

"அண்ணே, மத்தியானம் எவனோ வண்டியை ஆஃப் பண்ணாமக் கடை வாசல்ல நிறுத்துறான். டுர்ர்ருனு ஓடிக்கிட்டே கிடக்கு. எந்திரிச்சு வந்து பாத்தா..."

"பாத்தா?"

"வண்டியே இல்லண்ணே."

எதிரொலியாக இருக்கும் என்றேன். அடுத்தது நாலாம் நம்பர் வீட்டு சத்தியப்பிரியா டீச்சர்.

"சார், மூணாம் நம்பருக்கு ஆள் வந்துட்டாகளா? மத்தியானத்துல பெல் அடிக்குதே."

அந்த வீட்டின் மெயினை நான்தான் அணைத்துப் பியூஸைப் பிடுங்கி வைத்திருந்தேன். டீச்சரிடம் அதைச் சொல்லவில்லை.

ஐப்பசி. ஒரு மத்தியானம் வெள்ளையடித்த வேலையைப் பார்க்க மூன்றாம் நம்பருக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில். மற்ற வீடுகளும் பூட்டியிருந்தன. உள்ளே போனதும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தது. சரியான மழை. கரன்ட் போய்த் தெரு முழுக்க மங்கிவிட்டது.

கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

டுர்ர்ர்ர்... நின்றபடி ஓடுகிற இன்ஜின்.

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். தெருவில் ஆளில்லை. வண்டி இல்லை. தண்ணீர் கரைபுரண்டு ஓடியது. ஆனால் எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டில்... ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தது.

நீளமாக. செவ்வகமாக. ஒரு வேன் நின்றால் அதன் அடியில் எவ்வளவு இடம் நனையாமல் இருக்குமோ, அவ்வளவு.

மழை அந்த இடத்துக்கு மேலேயே எதன் மீதோ விழுந்து தெறித்தது. தகரத்தில் விழுகிற சத்தம்.

கேட் திறந்தது. க்ரீ...ச்.

நான் பூட்டிவிட்டு வந்த கேட்.

படியில் காலடி. ஒரு ஆள் அல்ல. நாலைந்து பேர். கனமான எதையோ தூக்கிக்கொண்டு ஏறுகிற நடை. ஒரு படி, ஒரு மூச்சு. ஒரு படி, ஒரு மூச்சு.

"பாத்து... பாத்து..." ஓர் ஆண்குரல். எனக்குத் தெரியாத குரல்.

படி திரும்புகிற இடம் குறுகலானது. அங்கே நின்றார்கள். சுவரில் இரும்பு உரசியது.

"தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கு..."

நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். முதுகைக் கதவில் கொடுத்து நின்றேன்.

காலடி வாசலுக்கு வந்துவிட்டது.

நின்றது.

மழைச் சத்தம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... சிலிண்டரிலிருந்து காற்று கசிகிற மாதிரி. அது என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. மருந்து நாற்றம் கதவிடுக்கு வழியாக வந்தது.

பெல் அடித்தது.

தெருவிலேயே கரன்ட் இல்லை. பியூஸ் என் சட்டைப் பையில் இருந்தது.

மறுபடி அடித்தது.

"தம்பி..."

அவர் குரல். சந்தேகமே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரையே கூப்பிட்ட குரல். களைத்துப்போய், மெல்ல.

"தம்பி... திறக்குறீகளா?"

திறந்திருக்கலாம். இத்தனை நாள் அந்த மனுஷனிடம் மன்னிப்புக் கேட்க முடியாமல் புழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தாழ்ப்பாள்தான் நடுவில். கை அதன் மேல்தான் இருந்தது.

கை நகரவில்லை.

"போயிருங்க ஐயா..." என்றேன்.

மறுபடியும் அதையேதான் சொன்னேன்.

சத்தம் நின்றது.

காலடி திரும்பி இறங்கவில்லை. இன்ஜின் கிளம்பிப் போகவில்லை. எல்லாம் அப்படியே... அற்றுப்போயிற்று.

எவ்வளவு நேரம் நின்றேனோ. கரன்ட் வந்து, கீழே இட்லிக் கடை ரேடியோ பாட ஆரம்பித்த பிறகுதான் கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. அவ்வளவு மழையில் நாலைந்து பேர் ஏறி வந்த படிக்கட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கேட் பூட்டியபடியே இருந்தது.

மறுநாள் காலையில் பள்ளத்தூர் போனேன். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன்.

மீனாம்பிகை என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். நாகவல்லி அம்மா மட்டும் வெளியே வந்தார். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் செஞ்சது பெரிய பாவம். ஐயா உடம்பை அஞ்சு நிமிஷமாவது அவுக வீட்டுல வச்சிருக்கணும். வாசலோட திருப்பி அனுப்பிட்டேன்..."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"உடம்பா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னீகன்னுல்ல நினைச்சுக்கிட்டிருக்கோம்." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உசிரு இருந்துச்சு தம்பி. ஆக்சிஜன் சிலிண்டரை வச்சுத்தான் கொண்டாந்தோம். ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டர் அனுப்பிட்டாக. நாங்க பள்ளத்தூருக்குத்தான் கூப்பிட்டோம். அவுகதான் ஒத்துக்கலை. என் வீட்டுக்கே கொண்டு போங்க, தம்பி ஒண்ணும் சொல்லமாட்டாகன்னு சொன்னாக."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"நான் கேட் வாசல்ல நின்னு பேசினது... அவுகளுக்கு..."

"நல்ல நெனவு இருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு."

உள்ளே மீனாம்பிகை அழுகிற சத்தம். நாகவல்லி அம்மா அழவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"வண்டி கிளம்புனதும் என் கையைப் புடிச்சாக. ஏன் வல்லி, நான் செத்துட்டேனான்னு கேட்டாக. நான் பதில் சொல்றதுக்குள்ள கை விட்டுப்போச்சு."